சிலிக்கான் பிரிண்ட் உரிந்தால் இங்க்கைத் திட்டுவதற்கு முன்

திருப்பூரில் பாலியஸ்டர், நைலான், ஸ்பான்டெக்ஸ் கலந்த விளையாட்டு உடை ஆர்டர்கள் கூடியதிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. சிலிக்கான் பிரிண்ட், அதாவது ரப்பர் போன்ற சிலிக்கான் இங்க்கில் அடிக்கும் படம், இரண்டு வாஷில் உரிகிறது, இங்க் சரியில்லை என்கிறார்கள். இங்க் கம்பெனியை மாற்றுகிறார்கள். புதியதும் உரிகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு இங்க் டப்பாவில் இல்லை. பிரிண்டிங்குக்கு வருவதற்கு முன்பே துணியின் மேல் ஏறிவிட்டிருக்கிறது.

சிலிக்கான் ரப்பரின் முதுகெலும்பு சிலிக்கான் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அதன் வெளிப்புறம் முழுக்க மெத்தில் தொகுதிகள். அதனால் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, மீட்டருக்குச் சுமார் 20 மில்லிநியூட்டன்தான். எதன் மேல் ஊற்றினாலும் நன்றாகப் பரவும். ஆனால் பரவுவது வேறு, பிடிப்பது வேறு. பருத்தியில் இழைக்கு இழை நுண்மயிர் உண்டு, ஹைட்ராக்சில் தொகுதிகளும் உண்டு. ரப்பர் அவற்றில் சிக்கிக்கொள்ளும். பாலியஸ்டர் ஃபிலாமென்ட் (நீண்ட தொடர் இழை) வழவழப்பானது, வேதிப்பிணைப்புக்குக் கைகொடுக்கும் தொகுதிகளும் அதில் மிகக் குறைவு. நைலான் கொஞ்சம் பரவாயில்லை.

இப்படிப்பட்ட துணியின் மேல் சாயப்பட்டறையில் துணியை மென்மையாக்கும் சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டு அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். "அதுவும் சிலிக்கான், இதுவும் சிலிக்கான், ஒட்டத்தானே வேண்டும்" என்று அனுபவசாலிகளே கேட்கிறார்கள். சாஃப்ட்னர் என்பது இழையைச் சுற்றி நிற்கும் மெல்லிய, பலமில்லாத படலம். தூசி படிந்த சுவரில் போஸ்டர் ஒட்டுவது போல, பிரிண்ட் அந்தப் படலத்தைப் பிடிக்கிறது, துணியைப் பிடிப்பதில்லை. அமினோ சிலிக்கான் வகையாக இருந்தால் அதிலுள்ள அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி க்யூரிங்கையும், அதாவது இங்க் வெந்து ரப்பராக இறுகுவதையும், கெடுக்கும். நீர்விலக்கி ஃபினிஷ், நிட்டிங் எண்ணெய் மிச்சம் இவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே பீஸ் உரிந்து வந்தால் தூக்கி எறியாதீர்கள், உரிந்த படலத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் காய்ந்து, வழவழவென்று, நூலின் தடம் மட்டும் பதிந்திருந்தால் ரப்பர் நன்றாக வெந்திருக்கிறது, துணிதான் பிடிக்க விடவில்லை. பிசுபிசுவென்று இருந்தால் அங்கே க்யூரிங்கே நடக்கவில்லை. படலம் கிழிந்து பாதி துணியிலேயே தங்கியிருந்தால் ஒட்டுதலில் குறையில்லை. ரப்பரின் வலுவையும், வினையூக்கி அளவையும், கலக்கிய விதத்தையும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் ட்ரையர் வெப்பத்தை ஏற்றுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் வினையூக்கியின் நஞ்சேற்றம். இந்த இங்க்குகளில் வினையூக்கி பிளாட்டினம், அதுவும் மிக நுண்ணிய அளவில். கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மம் ஏதாவது பட்டால் அது செயலிழந்துவிடும். ரப்பர் லேட்டெக்ஸ் கையுறையில் கந்தகம் இருக்கிறது. சாயத்தை வெளுக்கவைத்து அடிக்கும் டிஸ்சார்ஜ் பிரிண்ட்டுக்குப் போடும் சல்ஃபாக்சிலேட்டில் கந்தகம் இருக்கிறது. பிளாஸ்டிசால் (பிவிசி இங்க்) ஓட்டிய ஸ்க்ரீனையும், இங்க்கைத் தள்ளும் ஸ்குவீஜியையும் அரைகுறையாகத் துடைத்துவிட்டு சிலிக்கானுக்கு எடுக்காதீர்கள். முடிந்தால் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவு ஒரு ரிஜெக்‌ஷனுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

துணி பிடிக்கவில்லை என்றால் முதல் வேலை சுத்தம். சோப்பு ஆயில் போட்டு நன்றாக ஸ்கவரிங் (அழுக்கு, எண்ணெய் போகக் கழுவுவது) செய்து, சாஃப்ட்னர் இல்லாமல் ஸ்டென்டரில் (துணியை விரித்துச் சூடாக்கும் இயந்திரம்) ஹீட் செட் செய்து வாங்க வேண்டும். அடுத்தது சிலேன் கலந்த ஒட்டுதல் கூட்டி. சிலேனின் ஒரு முனை சிலிக்கானோடு இணையும், எபாக்சி போன்ற மறுமுனை துணியைப் பிடிக்கும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக ஒட்டும் என்று நினைக்க வேண்டாம். மிகையான சிலேன் தனக்குள்ளேயே இணைந்து நொறுங்கும் அடுக்காகிவிடும். மூடி திறந்து கிடந்து ஈரம் வாங்கிய புட்டியும் பயன்படாது. மின்னேற்றிய வாயுவால் துணியின் மேற்பரப்பை மாற்றும் பிளாஸ்மா முறை நல்ல பலன் தரும், ஆனால் நாளாக ஆக அதன் வீரியம் குறையும். செய்த கையோடு பிரிண்ட் போட வேண்டும்.

முதல் கோட்டை மெல்லிய இங்க்கில், அழுத்தி, துணியின் பின்னல் லூப்புக்குள் இறங்கும்படி போடுங்கள். சித்திரை வெயிலில் கலக்கிய இங்க் சீக்கிரம் கெட்டியாகும், கெட்டியானது மேலேயே உட்கார்ந்துவிடும். கோட்டுக்கு இடையில் சூடு காட்டும் ஃப்ளாஷில், கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தால் போதும். முழுக்க வேகவிட்டால் அடுத்த கோட் அதன்மேல் பிடிக்காது. கடைசி க்யூரிங்கில் வெப்பத்தைக் கண்டபடி ஏற்றினால் பாலியஸ்டரில் ஏற்றிய டிஸ்பர்ஸ் சாயம் மேலே ஏறி வெள்ளைப் பிரிண்ட் நிறம் மாறும். இங்க் கம்பெனி சொன்ன வெப்பத்துக்குள் நேரத்தைக் கூட்டுங்கள். ட்ரையர் பேனல் காட்டும் எண்ணை நம்பாமல் துணியின் மேல் வெப்பநிலை காட்டும் பட்டை ஒட்டிப் பாருங்கள்.

கார் ஏர்பேக் துணி நைலான் 66-இல் நெய்து சிலிக்கான் பூசியது. அங்கே பூச்சு உரிந்தால் உயிர் போகும். அதனால் தேய்ப்பையும் மடிப்பையும் சேர்த்துச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5981 சோதனையை வைத்திருக்கிறார்கள். டி-ஷர்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பிரிண்ட் போட்ட அன்றே நகத்தால் சுரண்டி முடிவு சொல்லாதீர்கள். ஒட்டுதல் முழுமையாக நேரம் எடுக்கும்; ஒரு நாள் விட்டு, இழுத்துப் பார்த்து, பையர் கேட்கும் வெப்பத்தில் துவைத்து, ஈரத்தோடு இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.

லாட் உள்ளே வந்ததும் ரோலின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் அந்த ரோலை டேபிளில் விரிக்காமல் சாயப்பட்டறைக்குப் போன் போடுங்கள். உறிஞ்சினாலும் ஒரு பீஸ் அடித்து வாஷ் பார்த்துவிட்டே மொத்த லாட்டையும் ஓட்டுங்கள், ஏனென்றால் நீரை உறிஞ்சும் சாஃப்ட்னர்களும் இப்போது வருகின்றன. சாயத்துக்குக் கொடுக்கும் டிசியிலேயே (டெலிவரி சலான்) "சிலிக்கான் பிரிண்ட்டுக்கு, சாஃப்ட்னர் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். மென்மை வேண்டும் என்று பையர் கேட்டால், பிரிண்ட் முடிந்து ஒட்டுதல் சரிபார்த்த பிறகு கார்மென்ட் வாஷில் கொடுக்கலாம்.