சாந்து இல்லாத வளைவு

துருக்கியின் தென்கிழக்கில், நெம்ருத் மலைக்குப் பக்கத்தில் ஜெண்டெரே என்றொரு ஆறு. ஒடுங்கிய பாறைப் பிளவை விட்டு அது வெளியே வரும் இடத்தில், ஒரே வளைவாக ஒரு கல்பாலம் நிற்கிறது. கி.பி. 200 வாக்கில் ரோமப் படையின் 16ஆம் லீஜியன் என்ற படைப்பிரிவின் வீரர்கள் கட்டியது. கரைக்குக் கரை வளைவின் நீளம் சுமார் 34 மீட்டர். வளைவில் 92 பெரிய கற்கள் இருப்பதாகக் கணக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இல்லை. அப்படியும் 20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் அதன்மேல் ஓடின.

எப்படி நிற்கிறது? கல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. நீளமான கல்லை உத்திரம்போல் இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து வைத்தால், பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். விரிசல் அங்கேதான் விழும். வளைவில் அந்த இழுவைக்கே இடமில்லை. ஒவ்வொரு கல்லும் மேலே அகன்று கீழே குறுகிய ஆப்பு. கீழே நழுவப் பார்க்கும் கல், பக்கத்துக் கற்களுக்கு நடுவில் இன்னும் இறுகிக்கொள்ளும். பாலத்தின் சொந்த எடைதான் அதற்குச் சாந்து.

ஆனால் வளையம் மூடும்வரை இந்த இறுக்கம் வராது. கரையோரத்து அடிக்கற்கள் சரிவு குறைவு என்பதால் உராய்விலேயே நிற்கும். அதற்கு மேலே போகப்போக மரச்சாரம்தான் தாங்க வேண்டும். உச்சிக் கல் இறங்கி, சாரத்தைத் தளர்த்தும்போது வளைவு கொஞ்சம் கீழே அமர்ந்து இறுகும். அந்த உச்சிக் கல்லுக்கே எல்லாப் பெருமையும் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தக் கல்லை எடுத்தாலும் வளையம் அறுந்துவிடும்.

சரி, இத்தனை எடையும் எங்கே போகிறது? வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, கரைகளைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கரை ஒரு சாண் விலகினால்கூட ஆபத்து. இங்கே இரு பக்கமும் பாறை. ஆற்றுக்கு நடுவில் தூணும் இல்லை. மலை வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துத்தான் பல பாலங்களைச் சாய்த்திருக்கிறது. இடம் பார்த்தவரின் திறமை கல் செதுக்கியவரின் திறமைக்குக் குறைந்ததல்ல.

பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு தூண்கள் நட்டார்கள்: பேரரசர் செப்டிமியஸ் செவரஸ், மனைவி ஜூலியா டோம்னா, மகன்கள் கரகல்லா, கெட்டா ஆகியோருக்கு. கி.பி. 211இல் கரகல்லா தம்பியைக் கொன்று, அவன் பெயரை எங்கும் இல்லாமல் அழிக்கச் சொன்னான். கெட்டாவின் தூணும் போனது. அது வளைவுக்கு வெளியே நின்றதால் பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று ஒரு முனையில் இரண்டு தூண்கள், மறுமுனையில் ஒன்று.