இன்டரப்ட்: இடையூறு அல்ல, குறுக்கீடு

"இடையூறு ஏற்பட்டவுடன் தொடர் தரவைப் படிக்க வேண்டும்." மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் இப்படி ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. புதிதாகப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? கம்பியில் ஏதோ கோளாறு, அதைச் சமாளிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கோளாறு எதுவும் இல்லை. தொடர் தரவு என்பது கம்பியில் பிட் பிட்டாக வரும் தரவு. அதில் ஒரு பைட் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது, எடுத்துக்கொள் என்று சிப்பின் ஒரு பகுதி செயலியைக் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர்.

மூலம் லத்தீன். 'இன்டர்' என்றால் இடையே, 'ரும்பெரே' என்றால் உடைத்தல். கணினியில் அதன் பொருள் இன்னும் குறுகியது. செயலி ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தி, திரும்ப வேண்டிய முகவரியைக் குறித்துவைத்து, வேறொரு சிறு நிரலை ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்கே வந்து தொடர்கிறது. திரும்பி வருவது இந்தச் சொல்லின் பொருளில் பாதி.

சரி, இடையூறு என்றால் என்ன? இடை, ஊறு என்று பிரியும். ஊறு என்றால் தீங்கு, கேடு. திருக்குறளில் 'ஊறொரால்' என்று வருவது பழுதாகும் செயலை ஒதுக்குவதைத்தான். ஊறு என்பதற்குத் தொடுதல் என்ற பொருளும் உண்டே, 'சுவைஒளி ஊறோசை' என்று அதே நூலின் வேறொரு குறளில் இருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். இருக்கிறது. ஆனால் இன்று இடையூறு என்று கேட்டதும் யார் மனத்தில் தொடுதல் வருகிறது? தீங்குதான் வருகிறது. கலைச்சொல் இன்றைய காதில் விழும் பொருளோடுதான் வாழ வேண்டும்.

அந்தப் பொருள் இங்கே உண்மையைத் தலைகீழாக்கிவிடுகிறது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், 8 தரவு பிட், முடிவு பிட் என 10 பிட். ஒரு மில்லிவிநாடிக்குச் சற்று மேல் ஆகும். 115200 வேகத்தில் ஏறக்குறைய 87 மைக்ரோவிநாடிதான். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் படிக்கப்படாத இரண்டு எழுத்துகள் காத்திருக்கலாம், மூன்றாவது, பிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் நகர்வுப் பதிவகத்தில் நிற்கலாம். நான்காவதன் தொடக்க பிட் வந்துவிட்டால் தரவு இழப்பு. முதன்மை நிரல் ஒரு திரையில் எழுதிக்கொண்டோ தாமதச் சுற்றில் நின்றுகொண்டோ இருந்தால் அந்த நேரம் போதவே போதாது. அப்போது தரவைக் காப்பாற்றுவதே இன்டரப்ட்தான். காப்பாற்றுவதற்குத் தீங்கு என்று பெயர் வைப்பதா?

இன்னொன்று. அந்தச் சிப்பில், வந்த எழுத்து இருக்கும் தரவுப் பதிவகத்தைப் படித்தால்தான் 'வந்துவிட்டது' என்று காட்டும் பிட், அதாவது கொடி, இறங்கும். படிக்காமல் திரும்பினால் உடனே மறுபடி கூப்பிடும். இதை இடையூறு என்று கற்ற மாணவர், தொல்லை ஓயவில்லை என்று அதை முடக்கத்தான் பார்ப்பார். 'இடையூறுகளை முடக்கவும்' என்ற வாக்கியமும் அவருக்கு நல்ல அறிவுரையாகவே படும். முடக்குவது என்னவோ சில நேரம் தேவைதான்: 8 பிட் செயலியில் இரண்டு பைட் நீளமுள்ள ஒரு எண்ணிக்கையை முதன்மை நிரல், இன்டரப்ட் நிரல் இரண்டும் கையாளும்போது, ஒரு பைட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மதிப்பு மாறிவிடாமல் இருக்க, முதன்மை நிரல் அதைப் படித்து முடிக்கும் அந்தச் சில கட்டளைகளுக்கு மட்டும். உடனே திறந்துவிட வேண்டும். தீங்கை ஏன் மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்டால் அந்தச் சொல்லிடம் பதில் இல்லை.

இடைமறிப்பு என்கிறவர்களும் உண்டு. இதுவும் பொருந்தாது. மறித்தல் என்றால் போக விடாமல் தடுத்தல். அதைவிடப் பெரிய சிக்கல், தரவை நடுவில் புகுந்து யாரோ திருடுவதற்கு இடைமறிப்பு என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'தொடர் தரவு இடைமறிப்பு' என்று தலைப்பிட்டால் படிக்கிறவர் பாதுகாப்புக் கட்டுரை என்றே திறப்பார்.

குறுக்கீடு சரியான சொல். குறுக்கிடு என்ற வினையில் இடு நீண்டு ஈடு ஆகிறது, கெடு கேடானது போல. பேச்சில் ஒருவர் குறுக்கிட்டால் பேசுகிறவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். செயலி செய்வதும் அதுவே. இயற்பியலில் அலைகளின் குறுக்கீடு இருக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. அங்கே 'குறுக்கீட்டு விளைவு' என்ற முழுத் தொடரே வழங்குகிறது. கம்பியில் வெளியிலிருந்து வந்து கலக்கும் வேண்டாத சமிக்ஞையையும் சிலர் குறுக்கீடு என்பார்கள்; அதை 'மின்காந்த இரைச்சல்' என்று எழுதிவிட்டால் ஒரே பத்தியில் இரண்டும் மோதாது.

இதெல்லாம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை என்பதுதான் வருத்தம். அகராதியைத் திறந்து முதலில் கிடைத்த பொருளை ஒட்டவைக்கிறார்கள், நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில்லை. இன்டரப்ட் வந்ததும் ஓடும் அந்தச் சிறு நிரலை ஆங்கிலத்தில் 'இன்டரப்ட் சர்வீஸ் ரொட்டீன்' என்பார்கள். அதை 'இடையூறு சேவை வழக்கம்' என்று கண்டால் என்ன புரியும்? ரொட்டீன் என்பது இங்கே வழக்கமோ வாடிக்கையோ அல்ல, நிரலின் ஒரு துண்டு. 'குறுக்கீட்டுச் செயற்கூறு' போதும். அதற்குள் செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான்: பதிவகத்தைப் படி, வட்ட இடையகத்தில் (கடைசி இடம் நிரம்பினால் முதல் இடத்துக்குத் திரும்பும் தற்காலிக வரிசையில்) போடு, வெளியே வா. தாமதம் கூடாது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது. சொற்களைப் பிரிப்பது, எண்ணாக மாற்றுவது எல்லாம் அப்புறம் முதன்மை நிரலில்.

சி மொழியில் மாறிக்கு முன் எழுதும் வோலடைல் என்ற சொல்லுக்கு 'ஆவியாகும் மாறி' என்று எழுதுவதும் இதே கதை. இந்த மாறியின் மதிப்பைக் குறுக்கீட்டுச் செயற்கூறு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்கு (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளுக்கு) சொல்வதுதான் அந்தச் சொல்லின் வேலை. 'நிலையற்ற மாறி' என்றாலும் அது வராது, மாறி என்றாலே நிலையற்றதுதான். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் அமையும்வரை வோலடைல் என்றே எழுதி, பக்கத்தில் இந்த ஒரு வரி விளக்கத்தைச் சேர்க்கலாம்.