சுவரில் ஈரமா? முதலில் உளியைக் கீழே வையுங்கள்

கடைசியாகப் போய்ப் பார்த்த வீட்டில், மாடிக் குளியலறைத் தரை முழுவதையும் ஏற்கெனவே பெயர்த்துப் போட்டு, புது டைல்ஸும் பதித்து முடித்திருந்தார்கள். கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஈரம். மேல்வீட்டுக் குழாய்தான் உடைந்திருக்கிறது என்று இரண்டு குடும்பத்துக்கும் சண்டை. குழாய் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, எல்லாம் ஆன பிறகும் கூரை நனைந்துகொண்டேதான் இருந்தது. ஈரம் இருந்த இடத்துக்கு நேர்மேலே குளியலறையே கிடையாது. அது ஒரு படுக்கையறை. இரவு முழுக்க ஏசி 16 டிகிரியில் ஓடுகிறது.

இப்படி வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

"தண்ணீர் எங்கிருந்தாவது வந்தால்தானே சார் ஈரமாகும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரத்தான் செய்கிறது, காற்றிலிருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வெளிப்பக்கம் வியர்த்தால் பாட்டிலில் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. சுவர் வியர்த்தால் மட்டும் உடனே பிளம்பர். 30 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? பக்கத்தில் எது குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் படியும். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 26 டிகிரிக்குக் கீழே இறங்கிய எந்தப் பரப்பும் நனையும். அந்த வீட்டில் மேலே ஏசி குளிர வைத்தது தன் அறையை மட்டுமா, நடுவில் இருந்த கான்கிரீட்டையும் சேர்த்துத்தான். கீழ்வீட்டில் ஏசி கிடையாது. ஈரக்காற்று குளிர்ந்த கூரையில் பட்டது, அவ்வளவுதான்.

சுவர் உள்ளுக்குள்ளிருந்து தண்ணீரைக் கக்கவே கக்காது என்று சொல்லவில்லை. கக்கும். ஆனால் அது வேறு முகத்தோடு வரும். மண்ணிலிருந்தோ உடைந்த குழாயிலிருந்தோ சுவருக்குள் ஊறும் நீர், செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதனால்தான் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் உப்பி, விரல் பட்டால் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. காற்றிலிருந்து படியும் நீரில் உப்பு கிடையாது. அங்கே பூச்சு கெட்டியாக இருக்கும். மேலே கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை மட்டும் படரும். அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில், அறையின் மூலையில் பாருங்கள். சில வீடுகளில் உத்திரமும் தூணும் போகும் வழியிலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பூஞ்சை இருக்கும். செங்கல்லைவிடக் கான்கிரீட் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் முதலில் குளிர்வது அந்த இடம். அதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு துண்டு அலுமினியத் தாள் போதும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி தாளைச் சுவரோடு ஒட்ட வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப் போடுங்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். தாளின் அறைப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது காற்றில் இருந்த நீர். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் நீர். இதைச் செய்யாமல் யாரும் உளி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

காற்றுதான் காரணம் என்று தெரிந்ததும் அடுத்த தப்பு தொடங்கும்: ஜன்னலைத் திறந்து வைப்பது. வெளிக்காற்று உலர்ந்திருந்தால் நல்லது. மழைநாளில், ஏசியில் குளிர்ந்து கிடக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் புது ஈரத்தை நீங்களே அழைத்து வருகிறீர்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. ஏசியை 24, 25-ல் வையுங்கள். குளித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் கால் மணி நேரம் ஓட விடுங்கள், உடனே அணைத்துவிட்டு வராதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தை மூடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். அப்புறம் அந்தத் துணி! இயந்திரத்தில் பிழிந்து எடுத்த பிறகும் 5 கிலோ துணியில் 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அதைப் படுக்கையறையில் காய வைத்தால் அத்தனையும் அந்த அறைக் காற்றுக்குள்தான் போகிறது.

பூஞ்சையைத் துடைக்கும்போது ப்ளீச்சிங் திரவத்தோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் துடையுங்கள்.

தாளின் உள்பக்கம் நனைந்திருந்தவர்களுக்கு: அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டோ டைல்ஸோ போட்டு மறைக்காதீர்கள். ஆவியாக வழி அடைபட்டால் சுவருக்குள் ஊறும் ஈரம் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்தில் வெளியே வரும். வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். நகராவிட்டால் கழிவுநீர்க் குழாய், வெளிச்சுவர் விரிசல், அஸ்திவாரம் என்று அந்த வரிசையில் தேட வேண்டும்.