குழந்தை 'மாமா' என்றால் யாரைக் கூப்பிடுகிறது?

அக்கா மகனுக்கு அப்போது எட்டு மாதம். பாயில் குப்புறக் கிடந்தபடி, எச்சில் ஒழுக "மம்மம்மா... மாமா" என்றான். "பார்த்தியா, என்னைத்தான் முதல்ல கூப்பிட்டான்!" என்று குதித்தேன். "அம்மான்னு சொல்றான்டா" என்றாள் அக்கா. "பசிக்குது, மம்மு கேட்கிறான்" என்பது பாட்டியின் தீர்ப்பு.

மூன்று பேர் சொன்னதும் தப்பு. அவன் யாரையும் கூப்பிடவில்லை. வாயைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தான்.

குரல் எழும்போது உதட்டை மூடித் திறந்தால் போதும். காற்று மூக்கு வழியே போனால் ம, அந்த வழி அடைபட்டால் ப. 'இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று தொல்காப்பியம் சொல்வதும் இதைத்தான். நாக்கை வளைக்கும் ழகரத்துக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது.

அந்த ஒலி ஏன் பெரும்பாலும் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொள்கிறது? மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் ஒரு விளக்கம் தந்தார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும். மூக்கு வழியே முனகத்தான் முடியும். அப்புறம் பாலைக் கண்டாலும், அம்மாவைத் தேடினாலும் அதே முனகல் வருகிறது. மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 தாய், தந்தைச் சொற்கள்தான் அவருக்குக் கையிலிருந்த சரக்கு.

ஆனால் ஒலிதான் குழந்தையுடையது. பொருள் கொடுப்பது பெரியவர்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மா அங்கே 'டெடா'. தலைநகர் திபிலிசியின் குன்றில் ஒரு கையில் வாளும் மறு கையில் மதுக்கிண்ணமுமாக 20 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பெண் சிலையின் பெயரே 'கார்ட்லிஸ் டெடா', ஜார்ஜியாவின் தாய். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பிட்ஜன்ஜாராவிலும் மாமா அப்பாதான். நம் தாத்தா சிங்களத்தில் அப்பா ஆகிவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பான் கதை. 1516-ஐச் சேர்ந்த விடுகதைத் தொகுப்பு ஒன்றில் இப்படி ஒரு கேள்வி: தாய்க்கு இரண்டு முறை சந்திக்கும், தந்தைக்கு ஒருமுறைகூடச் சந்திக்காது, அது என்ன? விடை, உதடு. இன்றைய ஜப்பானியத்தில் தாய் 'ஹஹா', தந்தை 'சிசி'. இரண்டுக்குமே உதடு ஒட்டாது. அப்படியானால் விடுகதை எப்படிப் பொருந்தும்? அந்தக் காலத்தில் 'ஹஹா'வை உதட்டைக் குவித்து 'ஃபஃபா' என்றார்கள். அதற்கும் முன்னால் அது 'பபா'வாக இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பப்பா மாதிரி ஒலித்த சொல், அங்கே அம்மா!

இப்போது கொரிய மொழிக்கு வருவோம். அங்கே அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஒம்மா'. உடனே நம்மவர்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடுகிறார்கள். எந்தக் குழந்தையின் வாயிலும் தானாக வரும் ஒலியை வைத்து உறவு கொண்டாட முடியாது. உறவென்றால் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இருப்பது போல இருக்க வேண்டும். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. சொல்லின் முதலில் நாம் ப சொல்லும் இடத்தில் அவர்கள் ஹ என்பது சொல்லுக்குச் சொல் தொடர்கிறது.