‘சின்ஸ்’, ‘ஃபார்’ கண்டதும் ‘ஹேட் பீன்’ போட்டுவிடாதீர்கள்

வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதப்போகும் நர்ஸ்களின் பயிற்சிக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. ‘ஹேட் டேக்கன்’, ‘ஹேட் பீன் டேக்கிங்’ போன்ற வடிவங்களைக் குழப்பும் அதே தவறோடு இந்த வாரம் வந்த ஐந்தாவது கடிதத்தைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

நோயாளியை வேறு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் அது. ‘தி பேஷண்ட் ஹேட் டேக்கன் வார்ஃபரின் பிஃபோர் அட்மிஷன்’ என்று அந்த நர்ஸ் எழுதியிருந்தார். தேர்வில் தரும் நோயாளி பற்றிய குறிப்பான கேஸ் நோட்ஸில் இருந்ததோ, நோயாளி தினமும் வார்ஃபரின் எடுப்பவர் என்று. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். ‘ஹேட் டேக்கன்’ என்றால் ஏதோ ஒரு தடவை போட்டுக்கொண்டதாகவும் படலாம். ‘ஹேட் பீன் டேக்கிங்’ என்றால் வழக்கமாக எடுத்துவந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். “சின்ஸ், ஃபார் எதுவும் வரலையே மேடம்” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான். சின்ஸ், ஃபார் இருந்தால் கன்டினியூயஸ் (‘ஹேட் பீன் டேக்கிங்’ போல), இல்லாவிட்டால் வெறும் பெர்ஃபெக்ட் (‘ஹேட் டேக்கன்’ போல) என்று ஒரு விதியே கிடையாது! ‘ஐ ஹேட் நோன் ஹெர் ஃபார் டென் இயர்ஸ்.’ இதில் ஃபார் இருக்கிறது, ஆனால் ‘ஹேட் பீன் நோயிங்’ என்று எழுதினால் தவறு. நோ, பிலீவ், ஓன் போன்றவை செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கின்றன. அவற்றோடு ‘டேக்கிங்’கில் வரும் அந்த ‘இங்’ ஒட்டாது. இன்னொன்று: ‘ஹெர் ஐஸ் வேர் ரெட். ஷி ஹேட் பீன் க்ரையிங்.’ இதில் சின்ஸும் இல்லை, ஃபாரும் இல்லை. அழுகைகூட நின்றுவிட்டது. ஆனாலும் அவ்வளவு நேரம் அழுததன் தடம் கண்ணில் இருக்கிறது, அதனால்தான் கன்டினியூயஸ். கன்டினியூயஸ் என்றால் நாம் சொல்லும் அந்த நேரத்திலும் செயல் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான்.

எண்ணிக்கை சொன்னால் இங் வேண்டாம். ‘பை நூன் ஷி ஹேட் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்.’ மூன்றும் முடிந்தன. காலையெல்லாம் எழுதிய உழைப்பைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹேட் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ் ஆல் மார்னிங்’.

‘ஹேட் பீன்’ பார்த்த உடனே இங் சேர்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. ‘தி பேஷண்ட் ஹேட் பீன் எக்ஸாமின்ட்’ என்றால் நோயாளியைப் பரிசோதித்திருந்தார்கள். ‘எக்ஸாமினிங்’ என்று எழுதினால் நோயாளியே பரிசோதித்தவர் ஆகிவிடுவார்.

நம் தமிழும் கொஞ்சம் குழப்பும். ‘எழுதிக்கொண்டிருந்தாள்’ என்பது ‘வாஸ் ரைட்டிங்’குக்கும் பொருந்தும், ‘ஹேட் பீன் ரைட்டிங்’குக்கும் பொருந்தும். ‘நேற்று வந்திருந்தார்’ என்று மனதில் ஓடுவதை அப்படியே ‘ஹி ஹேட் கம் யெஸ்டர்டே’ என்று எழுதுகிறோம். அதற்குப் பிறகு நடந்த இன்னொரு பழைய சம்பவம் பேச்சில் இல்லையென்றால் ‘ஹி கேம் யெஸ்டர்டே’ போதும். ஹேட் எதற்கு?

சரி, தேர்வு அறையில் என்ன செய்வது? கடிதத்தை முடித்ததும் ஹேட் வரும் இடங்களில் மட்டும் நின்று பாருங்கள். எதற்கு முன்னால் நடந்தது? முடிந்ததைச் சொல்கிறேனா, தொடர்ந்து நடந்துவந்ததைச் சொல்கிறேனா? மருந்து, வலி, காய்ச்சல் பற்றிய வரிகளில் இந்தக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. இருப்பது 45 நிமிடம்தான், அதிலேயே நோட்ஸும் படிக்க வேண்டும். கடைசி மூன்று நிமிடத்தை இதற்கென்று எடுத்துவையுங்கள்.