கோயில் மரத்தடியில் குப்பை கொளுத்தாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் பதினொரு பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் டீசேர்ட். டவுனில் காலையில் சேர்ந்து நடக்கிற, உடற்பயிற்சி செய்கிற குழு அது. தோட்டத்து மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய், முன்றலில் சூரிய நமஸ்காரம் செய்து முடித்து, அப்புறம் கோயிலைச் சுற்றிச் சிரமதானம் செய்திருக்கிறார்கள். கூட்டி அள்ளிய சருகு, யோகட் கப், பொலித்தீன் பை எல்லாவற்றையும் அரசமரத்தடியில் குவித்துக் கற்பூரம் வைத்துக் கொளுத்தியாயிற்று. மேலே கிளையில் முறம் அகலத்துக்குக் குளவிக்கூடு.

இந்த வருஷம் இப்படி நெருப்பு மூட்டிக் கொட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்த மூன்றாவது கூட்டம் இது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. சீனி வருத்தம், பிரஷர் என்று வருகிறவர்களிடம் "கொஞ்சம் நடங்கள்" என்று தினமும் கெஞ்சுகிற ஆள் நான். நாலு பேர் சேர்ந்து மலையேறுவதும், ஏறின இடத்தைக் கூட்டித் துப்புரவாக்குவதும் எனக்குச் சந்தோஷம்தான். அந்த நெருப்பு ஒன்றுதான் வேண்டாம் என்கிறேன்.

தையல் போடுகிற கதிரையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி சொன்னான்: "டொக்டர், கூட்டைப் பார்த்தோம். புகை போட்டா அது போயிடும்னு ஒரு அண்ணன் சொன்னாரு." அவன் தலையிலிருந்தும் கழுத்திலிருந்தும் தாதி ஒவ்வொன்றாக எடுத்த கொடுக்குகள் பஞ்சின் மேல் கறுப்பு முள் மாதிரிக் கிடந்தன. நாற்பதைத் தாண்டியது.

இந்தப் புகைக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நாம் குளவி என்று சொல்வதில் பெரும்பகுதி மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். நிஜக் குளவிக்கு அங்கே தெபரா என்று வேறு பெயர் உண்டு. தோலில் கொடுக்கு குத்தி நின்றால் அது தேனீ, சந்தேகமே வேண்டாம். தேன் எடுக்கிறவர்கள் புகை போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் இருட்டில் ஏறுகிறவர்கள். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு புகை என்று பரம்பரையாகக் கை பழகியவர்கள். அவர்களும் கொட்டு வாங்காமல் இறங்குவதில்லை. பட்டப்பகலில், கீழே இருபது பேர் நிற்க, எரிகிற பொலித்தீனின் புகையும் அனலும் கூட்டில் போய் அடித்தால் அது விரட்டுவது இல்லை, சண்டைக்குக் கூப்பிடுவது. ஒரு தேனீ கொட்டினதும் அந்த இடத்திலிருந்து கிளம்புகிற வாடைக்கே மற்றவை அங்கே வந்து மொய்க்கும். வாழைப்பழ வாடை மாதிரி இருக்கும். அது மூக்கில் பட்டால் ஒரு விநாடிகூட நிற்காதீர்கள்.

பதினொரு பேரில் என்னைப் பயமுறுத்தியவர் நாற்பது கொட்டு வாங்கிய தம்பி இல்லை. கழுத்தில் இரண்டே இரண்டு கொட்டு வாங்கியிருந்த ஓர் அக்கா. உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மிப்போய் வந்தார். பிரஷர் 70க்குக் கீழே. கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவி, பிரிட்டன் (Piriton) என்கிற அலர்ஜி மாத்திரை ஒன்று கொடுத்து, "இரண்டு கொட்டுத்தானே, சரியாகிவிடும்" என்று கோயில் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது என்றதும் இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியில் நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே போதும். மூச்சு இறுக்கம், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், மயக்கம், வாந்தி இதில் எது வந்தாலும் அவருக்கு வேண்டியது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. பிரிட்டன் அரிப்பைத்தான் குறைக்கும். சுண்ணாம்பு ஒன்றுமே செய்யாது. அப்படிப்பட்டவரை எழுப்பி நடக்க வைக்காதீர்கள். பிரஷர் விழுந்திருக்கிற நேரத்தில் நிமிர்த்தி நிறுத்தினாலே உயிர் போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்திவிடுங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாகனம் ஏறாத இடமென்றால் ஸ்டெச்சர், கதிரை, பலகை, எதிலாவது தூக்கி வாருங்கள். அந்த அக்கா பிழைத்தது கடவுள் புண்ணியம்.

கொடுக்கை உடனே எடுங்கள், நகத்தால் என்றாலும் சரி. எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நிறையக் கொட்டு வாங்கியவர்கள், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், வைத்தியசாலைக்கு வந்தே ஆக வேண்டும். அடுத்த நாள் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும்போது ஓடி வந்தால் சிறுநீரகம் அதற்குள் அடிபட்டிருக்கும்.

மலையேறப் போகிறவர்களுக்கு: கோயிலுக்குள் நுழையும் முன் அண்ணாந்து பாருங்கள். மரக்கிளை, கோபுரத்து மாடம், பாறை விளிம்பு. பூசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. கூடு இருந்தால் அன்றைக்கு உடற்பயிற்சி வேறு இடத்தில். பிள்ளைகள் கையில் கல் இருந்தால் பிடுங்கிப் போடுங்கள். பருந்து வந்து கூட்டைக் கலைத்தாலும் கீழே நிற்பவர்களுக்குத்தான் கொட்டு. தேனீக்கள் கிளம்பிவிட்டால் சேலையாலோ சட்டையாலோ முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கதவு சாத்துகிற இடம் கிடைக்கும்வரை. கையை வீசி அடிக்காதீர்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும்.

குப்பையைச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள், பிரதேச சபை வண்டி எடுக்கும். சருகை மரத்தின் வேரோடு விட்டால் அது மரத்துக்கே உரம். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படியும் குற்றம்.

கூட்டை எரிக்க வேண்டும் என்று இப்போது கோயில் கமிட்டியில் பேச்சு நடக்கிறதாம். வேண்டாம் ஐயா. அவை பூவுக்கு வந்தவை, பூ முடிந்தால் தாமே கிளம்பிவிடும். நம் வீட்டுத் தோட்டத்தில் பூசணி காய்ப்பதற்கும் அவை வேண்டும். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை எழுதி வையுங்கள். பலகைக்கான செலவை நான் தருகிறேன் என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். தைப்பூசத்துக்குச் சனம் ஏறுவதற்கு முன்னால் அது அங்கே நிற்க வேண்டும்.