மின்புலத்துக்குள்ளே ஒரு வகுப்பு: விஆர் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது, எப்போது கற்றுத் தருகிறது

பிளஸ் டூ இயற்பியலின் முதல் அலகு நிலைமின்னியல். பாடம் தொடங்கிச் சில பக்கங்களிலேயே மின்புலக் கோடுகள் வந்துவிடும். நேர்மின்னூட்டத்திலிருந்து அம்புகள் வெளியே கிளம்பும், எதிர்மின்னூட்டத்தில் போய் முடியும். மாணவர்கள் இந்தப் படத்தை அழகாக வரைந்துவிடுவார்கள். அந்தக் கோடுகள் தாளுக்கு முன்னாலும் பின்னாலும் எப்படிப் போகும் என்று கேட்டால்தான் பலர் தடுமாறுவார்கள். குறை அவர்களுடையது அல்ல. எல்லாத் திசையிலும் விரிந்திருக்கும் ஒன்றை நாம் தட்டையாகவே காட்டி வந்திருக்கிறோம். அப்புறம் ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியேறும் மின்புலத்தை உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதிக்கு வரும்போது, மின்னூட்டத்தைச் சுற்றி ஒரு மூடிய பரப்பைக் கற்பனை செய்யச் சொல்கிறோம். தட்டைப் படத்தை மனதில் வைத்திருப்பவருக்கு அந்தப் பரப்பு வெறும் வட்டம்.

விஆர் எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பம் பள்ளிக்குள் வருவதற்கு நியாயமான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். டைனோசர் பக்கத்தில் நிற்பதும் செவ்வாயில் நடப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாளில் அடங்காத வடிவம் கொண்ட பாடங்கள் மேல்நிலை வகுப்புகளில் நிறைய இருக்கின்றன. மின்புலம், மூலக்கூறுகளின் வடிவம், படிகங்களில் அணுக்களின் அடுக்கு, இதயத்தின் அறைகள், முப்பரிமாண வெக்டர்கள். இவற்றுக்கு அந்தக் கண்ணாடி என்ன செய்ய முடியும் என்பது அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி. ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. பொருள் பக்கத்தில் இருந்தால் இந்த வேறுபாடு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். மூளை அந்த வேறுபாட்டை வைத்தே தூரத்தைக் கணக்கிடுகிறது. 1838இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் இதைச் செய்து காட்டினார். ஒரு பொருளை இடது கண் பார்க்கும் விதமாக ஒன்று, வலது கண் பார்க்கும் விதமாக ஒன்று என இரண்டு கோட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு, சாய்த்து வைத்த இரண்டு ஆடிகளின் வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டினார். தட்டையான இரண்டு கோட்டுப் படங்களும் சேர்ந்து கனமுள்ள ஒரு பொருளாகத் தெரிந்தன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே இது நடந்துவிட்டது.

இன்றைய விஆர் கண்ணாடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் ஒரு சிறு திரை, இரண்டிலும் சற்றே வேறான படங்கள். ஆனால் கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் திரையை யாராலும் தெளிவாகப் பார்க்க முடியாது. அதற்காக நடுவே ஒரு குவிலென்ஸ் இருக்கிறது. அதன் குவியத் தொலைவுக்குச் சற்று உள்ளே திரையை வைத்துவிடுகிறார்கள். குவியத் தொலைவுக்கு உள்ளே வைத்த பொருளுக்கு நேரான, பெரிதான மாய பிம்பம் கிடைக்கும் என்று ஒளியியல் பாடத்தில் படித்ததுதான். திரை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, பார்வையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். இப்படிப் பெரிதாக்கும்போது லென்ஸ் படத்தின் ஓரங்களை வெளியே இழுத்து நெளியவைக்கும். அதனால் கணினி முன்கூட்டியே படத்தை எதிர்ப்பக்கமாக, பீப்பாய்போல உப்பவைத்துத் திரையில் போடுகிறது. இரண்டு கோணலும் ஒன்றையொன்று அடித்துவிட, கண்ணுக்கு நேர்கோடு நேர்கோடாகவே போய்ச் சேர்கிறது.

இது வரைக்கும் முப்பரிமாண சினிமா. தலையைத் திருப்பும்போதுதான் விஆர் அதிலிருந்து பிரிகிறது. 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் ஒரு காட்சிக் கருவியைச் செய்தார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்க, கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை தலை வரை இறங்கி வரும். தெரிந்ததெல்லாம் வெறும் கம்பிக்கோடுகளால் ஆன கனசதுரம் போன்ற உருவங்கள்தான். ஆனால் தலையை நகர்த்தினால் அந்தக் கனசதுரத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் விஆரின் அடிப்படை மாறவில்லை.

இப்போது அந்தக் கையின் வேலையை நகத்தைவிடச் சிறிய சிப்புகள் செய்கின்றன. கைரோஸ்கோப் தலை திரும்பும் வேகத்தை அளக்கிறது. முடுக்கமானி முன்பின், மேல்கீழ் அசைவுகளை உணர்கிறது. விநாடிக்கு ஆயிரம் முறை வரைகூட அளவெடுக்க முடியும். ஆனால் இந்தச் சிப்புகளை மட்டும் நம்ப முடியாது. முடுக்கத்திலிருந்து இடப்பெயர்ச்சிக்குப் போக இரண்டு முறை தொகையிட வேண்டும். அதனால் பிழை நேரத்தின் வர்க்கமாக வளரும். 0.01 மீ/வி² என்ற சின்னஞ்சிறு பிழை 10 விநாடியில் அரை மீட்டராகிவிடும். பிளஸ் ஒன்னில் படித்த ½at² சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இதைத் திருத்தத்தான் புதிய கண்ணாடிகளின் வெளிப்பக்கம் சிறு கேமராக்கள் இருக்கின்றன. அறையின் மூலைகளையும் மேசை விளிம்புகளையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ‘நீ இங்கேதான் இருக்கிறாய்’ என்று சிப்புகளின் கணக்கை ஓயாமல் சரிசெய்கின்றன.

பள்ளிக்கு எந்தக் கருவி வேண்டும் என்று முடிவு செய்வதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் கைபேசியைச் செருகிப் பார்ப்போம். அது தலை திரும்புவதை மட்டும் அறியும், நகர்வதை அறியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து சுற்றும் முற்றும் பார்க்க அது போதும். ஒரு மூலக்கூறின் பின்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் போதாது. வடிவம் புரிவதற்கு அந்த எட்டிப் பார்த்தல்தான் முக்கியம். மாறுகண் போன்ற காரணங்களால் இரு கண் ஆழம் தெரியாத மாணவர்கள் உண்டு. தலையை நகர்த்தும்போது பக்கத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் நகர்வதை வைத்து அவர்களாலும் ஆழத்தை உணர முடியும்.

அடுத்தது நேரம். தலை திரும்பியதற்கும் படம் அதற்கேற்ப மாறுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. விநாடிக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்பினால், 20 மில்லி விநாடித் தாமதத்தில் உலகம் 2 பாகை பின்தங்கும். கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரலின் அகலம் அவ்வளவுதான். தாமதம் 100 மில்லி விநாடியானால் 10 பாகை, அதாவது ஒரு முஷ்டி அகலம். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுவர் முஷ்டி அகலத்துக்கு வழுக்கினால் யாருக்கும் தலை சுற்றும். அதனால்தான் இந்தத் திரைகள் விநாடிக்கு 72, 90 என்ற கணக்கில் படம் மாற்றுகின்றன. தலை அடுத்த நொடித்துளியில் எங்கே இருக்கும் என்று கணித்து, அதற்கேற்ற படத்தை முன்கூட்டியே தயாரிப்பதும் உண்டு.

இவ்வளவு செய்தும் சிலருக்குக் குமட்டும். உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றின் பக்கத்து உறுப்புகளும்தான் உடல் அசைகிறதா என்று மூளைக்குச் சொல்பவை. கண்ணாடிக்குள் ரோலர் கோஸ்டர் ஓடினால் கண் ‘போகிறேன்’ என்கிறது, காது ‘உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. இந்த முரண்தான் தொல்லை. ஆகவே பாடத்துக்கான விஆரில் மாணவர் தன் காலால் நகரட்டும், அல்லது ஓரிடத்தில் நிற்கட்டும். காட்சி தானாக ஓடக் கூடாது. கண்ணுக்கும் ஒரு சிரமம் உண்டு. பொருள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் கண்ணின் லென்ஸ் மட்டும் எப்போதும் அந்த ஒன்றிரண்டு மீட்டர் பிம்பத்திலேயே குவிந்திருக்க வேண்டும். பழக்கமில்லாத இந்த இழுபறியில் கண் களைத்துப் போகும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் மாட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

சரி, இதெல்லாம் பாடம் புரிய உதவுகிறதா?

மின்புலத்துக்கே ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் கிறிஸ் டீடி, மர்லின் சால்ஸ்மன், போவன் லாஃப்டின் ஆகியோர் மேக்ஸ்வெல்வேர்ல்ட் என்ற மெய்நிகர் உலகைச் செய்தார்கள். மாணவர் அதற்குள் போய் மின்னூட்டங்களை வேண்டிய இடத்தில் வைக்கலாம், சோதனை மின்னூட்டத்தை நகர்த்தி அதன் மீது செயல்படும் விசையைப் பார்க்கலாம், மின்னழுத்தம் எங்கும் ஒரே அளவாக இருக்கும் சமமின்னழுத்தப் பரப்புகளையும் காஸ் விதிக்கான மூடிய பரப்பையும் சுற்றி வந்து பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பிரிவினர் இதில் கற்றார்கள், இன்னொரு பிரிவினர் சாதாரணக் கணினித் திரையில் அதே பாடத்தைத் தட்டையாகக் கற்றார்கள். தாளில் வரையச் சொன்னபோது பெரிய வேறுபாடு இல்லை. முப்பரிமாணத்தில் புலம் எப்படி இருக்கும் என்று செய்து காட்டச் சொன்னபோது விஆரில் கற்றவர்கள் மேலாக இருந்தார்கள். அன்றைய கருவிகள் மங்கலானவை, கனமானவை, குமட்டலும் கூடவே இருந்தது. என்றாலும், எதிர்பார்க்க வேண்டிய இடத்தில்தான் பலன் கிடைத்தது. நம் தேர்வுகள் கேட்பது தாளில் வரைவதை மட்டும்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். விஆரில் கிடைத்த புரிதலை அந்தக் கேள்வித்தாள் அளக்கவே அளக்காது.

இதற்கு எதிரான முடிவுகளும் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கில் கீடோ மக்ரான்ஸ்கி குழுவினர் 2019இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஒரே உயிரியல் ஆய்வகப் பாவனையை (சிமுலேஷனை)க் கணினித் திரையிலும் விஆர் கண்ணாடியிலும் செய்தார்கள். கண்ணாடியில் செய்தபோது ‘அங்கேயே இருந்தேன்’ என்ற உணர்வு அதிகம், கற்றதோ குறைவு. மூளையின் மின்னலைகளை அளந்து பார்த்ததில் கண்ணாடியில் மூளைக்குச் சுமை கூடுதல் என்று தெரிந்தது. ஒரே நேரத்தில் நம் மனம் கையாளக்கூடிய தகவல் மிகக் கொஞ்சம். சுற்றிலும் பளபளக்கும் ஆய்வகம் இருந்தால் அந்தக் கொஞ்ச இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

கலிபோர்னியாவில் ஜோசலின் பரோங்கும் ரிச்சர்ட் மேயரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் இரண்டாம் பாதி. முதல் பாதியில், ரத்த ஓட்டத்துக்குள் போய் உயிரணுக்களைப் பார்க்கும் விஆர் பயணத்தைவிட, அதே செய்தியைச் சொன்ன சாதாரண ஸ்லைடுகளே அதிகம் கற்றுத் தந்தன. இரண்டாம் பாதியில் விஆர் பயணத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள், எழுதாமல் பார்த்துக்கொண்டே போனவர்களைவிட நன்றாகக் கற்றார்கள், ஆர்வமும் குறையவில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் குழு கடல்நீர் அமிலமாவதைப் பற்றிச் செய்த விஆர் பாடத்திலும், யார் அதிகமாக நகர்ந்து தேடிப் பார்த்தார்களோ அவர்களுக்கு அறிவு அதிகம் கூடியிருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. பாடத்தின் சாரம் வடிவத்தில் இருக்க வேண்டும், மாணவர் கையும் காலும் அசைத்து எதையாவது செய்ய வேண்டும், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பீரியட் வேடிக்கை பார்த்ததோடு முடிந்துவிடும். ஓம் விதிக்குக் கண்ணாடி தேவையே இல்லை. உண்மையான பேட்டரி, பல்பு, ஒயர் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற அறிவியல் பாவனைகளைச் சாதாரணக் கணினியில் இலவசமாகவே ஓட்டலாம். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளிகளில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதாக இருந்தால் ஒரு நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பிப் பாடத்தைக் கட்டாதீர்கள். கூகுள் 2015இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற விஆர் சுற்றுலாத் திட்டத்தை எத்தனையோ ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தினார்கள். 2021 ஜூனோடு அதை மூடிவிட்டார்கள். நாற்பது பேருக்கு நாற்பது கண்ணாடி வாங்குவதும் வீண். அரைக் கிலோ எடையுள்ள அந்தக் கருவிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், முகம் படும் இடத்தை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி போட்ட பிள்ளைக்குத் தக்கபடி பொருத்த வேண்டும். நாலைந்து கண்ணாடிகளைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒருவர் மாட்டியிருக்கும்போது மற்றவர்கள் திரையில் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். அவர்களுக்கு ஆழம் தெரியாது. அதனால் மாட்டியிருப்பவர் வாயால் விளக்கியே ஆக வேண்டும். அப்படி விளக்குவதே அவருக்குப் பாதிப் படிப்பு.

மின்புலப் பாடத்துக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் வேலை ஒன்று உண்டு. சமமான இரண்டு நேர்மின்னூட்டங்கள், அவற்றின் சரி நடுவே புலம் சுழி. அங்கே ஒரு சிறிய நேர்மின்னூட்டத்தை வைத்து லேசாகத் தள்ளினால் நடுவுக்குத் திரும்பி வருமா, ஓடிவிடுமா? கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே எல்லோரும் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். இரண்டு மின்னூட்டங்களையும் இணைக்கும் கோட்டின் வழியே தள்ளினால் திரும்பி வரும். கோட்டுக்குக் குறுக்கே தள்ளினால் விலகி ஓடும். தட்டைப் படத்தில் குறுக்கே என்றால் மேலே, கீழே என இரண்டே திசைகள். உள்ளே போய்ப் பார்த்தால் மேலே, கீழே, தன்னை நோக்கி, தன்னை விட்டு விலகி என ஒரு முழுத் தளமே தப்பிக்கும் வழியாகத் திறந்திருக்கும். கழற்றியதும், முதலில் எழுதிய விடைக்குப் பக்கத்திலேயே இதை வரையச் சொல்ல வேண்டும். காஸ் விதியை அடுத்த பீரியடில் எடுக்கலாம்.